அக்காவுக்கு வீசிங் என்றார்கள், ஸ்கேனில் மூச்சுக்குழாய்க்குள் கட்டி. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வயது 43, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டில் யாருக்கும் பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. கொரோனா முடிந்த காலத்திலிருந்தே படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் காரணம் தயாராக இருக்கும், பஞ்சுத் தூசி. டாக்டரும் அதையேதான் சொன்னார், வீசிங் என்று பம்ப் எழுதிக் கொடுத்தார், கூடிப்போனால் நெபுலைசர். ஸ்டீராய்டு மாத்திரை போடுகிற வாரம் நன்றாக இருப்பாள், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோதெல்லாம் சுத்தம் என்றே வந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது போனில்தான். ஒரு வாக்கியம் பேசி முடித்து அடுத்ததற்கு மூச்சை இழுக்கும்போது 'ஹ்ர்ர்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் யாரோ மரம் அறுக்கிறார்களோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கோவைக்குக் கூட்டிப்போய் சி.டி. எடுத்ததில் மூச்சுக்குழாயின் நடுப்பகுதியில் வலப்பக்கச் சுவரிலிருந்து கட்டி, கிட்டத்தட்ட 3 செ.மீ. நீளம், காற்றுப் போக மீதி இருக்கிற வழி 6 மி.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். டியூப் விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, கிரிப்ரிஃபார்ம்'. எச்சில் சுரப்பி வகைப் புற்று என்கிறார் டாக்டர்.

எச்சில் சுரப்பி வாயில்தானே இருக்கிறது, நெஞ்சுக்குள் எப்படி வந்தது? எந்த ஸ்டேஜ் என்று கேட்டால் இதற்கு ஸ்டேஜ் சொல்வதில்லை என்கிறார், மறைக்கிறாரோ என்று மச்சான் பயப்படுகிறார். ஓரிடத்தில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும் என்கிறார்கள், இன்னோரிடத்தில் குழாயையே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். யாரை நம்புவது?

---

தறிச்சத்தம் (சோமனூர்)

தம்பி, ஸ்பின்னிங் மில்லில் பஞ்சை உதறிப் பிரிக்கிற புளோரூமிலும், சிக்கெடுக்கிற கார்டிங்கிலும் காலத்தைக் கழித்தவன் நான். பஞ்சு நோய்க்கு ஒரு குணம் உண்டு. லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு இறுகும், திங்கட்கிழமை மோசம், செவ்வாய் புதன் போகப் போகத் தேவலாம் என்றிருக்கும். முற்றிப்போன பிறகுதான் வாரம் முழுக்க. உங்கள் அக்காவுக்கு அப்படி ஏதாவது இருந்ததா, இல்லை ஞாயிறும் திங்களும் ஒரே மாதிரிதானா? அப்புறம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வருகிற தூசியும் கார்டிங்கில் வருகிற தூசியும் ஒன்றில்லை. எல்லாப் பழியையும் பஞ்சு மேல் போட்டுவிடுகிறார்கள் இந்தப் பக்கம்.

---

நொய்யல்கரை

ஒரே மாதிரிதாங்க அண்ணா. லீவு, வேலை நாள் வித்தியாசமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

---

ஆழியாறு (நுரையீரல் மருத்துவர், கோவை)

படங்களைப் பார்க்காமல் உங்கள் அக்காவுக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லக்கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் அவசரம். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயின் உள்ளகலம் ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை இருக்கும். அது 8 மி.மீ. அளவுக்குக் குறுகினால் வேலை செய்யும்போது மூச்சு வாங்கும், 5 மி.மீ.யை நெருங்கினால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும். உங்கள் அக்கா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார், ஒரு கெட்டிச் சளி வந்து உட்கார்ந்தாலே போதும். ராத்திரி முட்டினால் பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஓடி, மல்லாக்கப் படுக்க வைத்து, பதற்றம் தணிய ஊசி என்று யாரும் போட விடாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். தொண்டையில் ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் எல்லா நேரமும் பலிக்காது, கட்டி அந்த ஓட்டைக்குக் கீழே இருந்தால் ஓட்டை போட்டும் காற்று இறங்காது. ரிஜிட் பிராங்கோஸ்கோப் (வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விடுகிற வளையாத உலோகக் குழாய்) இருக்கிற, அதை வைத்துக் கட்டியைக் குடைந்து வழி உண்டாக்கத் தெரிந்த இடத்தை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழி கிடைத்துவிட்டால் மிச்ச முடிவுகளை நிதானமாக எடுக்கலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

எச்சில் சுரப்பி விஷயம். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் இருக்கிற மூன்று ஜோடிதான் நமக்குத் தெரிந்தவை. அவற்றைத் தவிர மேலண்ணம், மூக்கு, சைனஸ், குரல்வளை, மூச்சுக்குழாய், பெரிய கிளைக்குழாய்கள் வரை உட்தோலுக்கு அடியில் அதே அமைப்பில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு, குழாய் காயாமல் சளியும் நீரும் சுரப்பது அவற்றின் வேலை. வாயில் வருகிற அதே ரகக் கட்டி அங்கேயும் வரலாம். வாயிலிருந்து பரவி வந்தது என்று அர்த்தமில்லை.

அபூர்வம்தான். மூச்சுக்குழாயிலேயே தொடங்குகிற புற்று பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவருக்கு வருகிற அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டே வகைதான். ஒன்று ஸ்குவாமஸ், பெரும்பாலும் புகைபிடிக்கிற வயதான ஆண்களுக்கு. இன்னொன்று உங்கள் அக்காவுக்கு வந்த வகை, இதற்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை, ஆண் பெண் இருவருக்கும் சமமாக வரும், நாற்பது ஐம்பதுகளில் அதிகம். மெதுவாக வளர்வதால் உடம்பு அந்தக் குறுகலுக்குப் பழகிக்கொண்டே வரும், பாதிக்கு மேல் அடைக்கும் வரை ஆளுக்கே தெரியாது. இருமலில் ரத்தம் வந்தாலாவது பயந்து ஓடுவார்கள், இந்த வகையில் அதுவும் பலருக்கு வராது.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. நாம் எல்லோரும் நுரையீரலைப் பார்ப்போம், நடுவில் போகிற அந்தக் கறுப்புக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டீராய்டு போட்டால் குறைந்ததும் ஆஸ்துமாவுக்கு அத்தாட்சி கிடையாது, கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் வற்றும், கொஞ்ச நாள் காற்று நன்றாகப் போகும்.

---

ஆழியாறு

சொல்ல விட்டது ஒன்று. இந்த இழையைப் படிக்கிற, வருஷக்கணக்கில் பம்ப் போட்டும் கேட்காதவர்களுக்காக. மிஷினில் ஊதச் சொல்லி ஒரு தாள் தருவார்கள் இல்லையா, அதில் எண்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதில் ஒரு வளையப் படமும் இருக்கும். மூச்சு விடுகிற கோடு மேலே கூர்மையாக எழுந்து சரிய வேண்டும், இழுக்கிற கோடு கீழே அரைவட்டமாக இறங்கி ஏற வேண்டும். ஆஸ்துமாவில் மேல் சரிவு உள்வாங்கிக் குழியும், கீழ்ப்பாதி அப்படியே இருக்கும். பெருங்குழாய் கட்டியால் இறுகிப் போயிருந்தால் உச்சியே இருக்காது, மேலும் கீழும் தட்டையாக வெட்டிவிட்ட மாதிரி வரும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் தட்டையாகலாம். அந்தப் படத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், காசும் கூடுதலாக ஆகாது, இருந்தும் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சத்தமும் அப்படித்தான். ஆஸ்துமா விசில் பெரும்பாலும் மூச்சை விடும்போது, நெஞ்சு முழுக்க, பல சுருதியில் கேட்கும். இழுக்கும்போது கழுத்துப் பக்கம் ஒரே சுருதியில் கேட்டால் அது வேறு. போனில் கேட்டதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

---

வேப்பமரத்தடி (காங்கேயம்)

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, கட்டியில் கத்தி பட்டால் கொதித்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்புச்சிக்கு இப்படித்தான் கட்டி வந்து, ஆஸ்பத்திரிக்கே போகாமல் மூலிகையிலேயே இருபது வருஷம் நன்றாக இருந்தார். வைத்தியர் விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

தறிச்சத்தம்

ஏனுங்க, அப்புச்சிக்குக் கட்டி எங்கே இருந்ததுங்க?

---

வேப்பமரத்தடி

முதுகில். கொழுப்புக்கட்டி என்றார்கள்.

---

தறிச்சத்தம்

சரிங்க.

---

ஆழியாறு

சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் இந்தப் பயத்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்தி பட்டதால் இது பரவுவதில்லை. கசாயம் குடிப்பது உங்கள் விருப்பம், அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதைக் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறோம் என்று மட்டும் வேண்டாம், 6 மி.மீ. அதற்கெல்லாம் காத்திருக்காது.

---

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்)

கண்ணு, எனக்கு வந்தது இதேதான், இதே குழாய், கொஞ்சம் மேலே. வெட்டி எடுத்து இணைத்து, கரண்ட் வைத்து, இப்போது வயலுக்கும் போகிறேன் வருகிறேன். அக்காவிடம் முதலில் அதைச் சொல்.

ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கட்டி இருக்கிற துண்டை மேலும் கீழும் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடம் இழுபடக்கூடாது. அதற்காக முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தடிமனான நூலால் தையல் போட்டுவிடுவார்கள், தலையை நிமிர்த்தவே முடியாது. ஒரு வாரம் போல அப்படியே. கண் விழித்துப் பார்த்தால் என் மடியும் போர்வையும்தான் தெரிந்தது, யாராவது வந்து நின்றால் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும், சேலைக் கரையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். வலி நினைத்த அளவு இல்லை, கழுத்துப் பின்பக்கப் பிடிப்புதான் உயிரை வாங்கியது. தலையணையை முதுகுக்கும் இரண்டு முழங்கைக்கும் கொடுத்தால் அந்தப் பிடிப்பு குறைகிறது, இதை ஒரு ராத்திரி நர்ஸ் பெண்தான் செய்து காட்டியது. இருமல் வந்தால் நெஞ்சைக் கட்டிக்கொண்டு மெல்ல இருமப் பழக்குவார்கள், அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டில் பழகிக்கொள்ளச் சொல். குரல் எனக்கு மாசக்கணக்கில் கரகரத்துக் கிடந்தது, குரல் நரம்பு அந்தக் குழாயை ஒட்டியே போகிறதாம். முக்காலும் திரும்பி வந்துவிட்டது, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட மட்டும் முடியாது, அதனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

கரண்ட் வைக்கும்போதுதான் சாப்பாடு பிரச்சினை. உணவுக்குழாய் பின்னாடியே இருப்பதால் அதுவும் வெந்து, மூன்றாவது வாரத்திலிருந்து விழுங்கினால் எரியும். புளி, தக்காளி, ரசம் எதுவும் ஆகாது. அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழையக் குழைய வேகவைத்து, மிளகாய் இல்லாமல், நெய் விட்டு ஆறவைத்துக் கொடுத்தார்கள், அதுதான் இறங்கியது. எடை இறங்க விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொன்று. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு நிறையப் பேர் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரிப் பெயரை விட, நீங்கள் பார்க்கிற சர்ஜன் மூச்சுக்குழாயை வெட்டி இணைக்கிற ஆபரேஷனை அடிக்கடி செய்கிறவரா என்று நேராகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

---

ஆழியாறு

அந்தக் கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். புற்றுக்காக இந்த ஆபரேஷன் எந்த ஊரிலும் அபூர்வம். ஆனால் இதே வெட்டி இணைக்கிற வேலை வேறொரு காரணத்துக்காக அடிக்கடி நடக்கிறது. பூச்சிமருந்து குடித்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், கொரோனாவில் படுத்தவர்கள் என்று வென்டிலேட்டரில் நாள்பட இருந்தவர்களுக்குக் குழாய் உராய்ந்த இடம் வடுவாகிச் சுருங்கிவிடும். அதைச் சரிசெய்து கை பழகிய குழுதான் உங்களுக்குத் தேவை. கேட்கும்போது 'புற்றுக்கு எத்தனை செய்தீர்கள்' என்று கேட்டால் சின்ன எண் வரும், பயந்துவிடுவீர்கள். 'மூச்சுக்குழாய் ரிசெக்‌ஷன் மொத்தம்' என்று கேளுங்கள்.

இந்த வித்தையை ஒழுங்குபடுத்தியவர் பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் ஹெர்மஸ் கிரில்லோ, 2006இல் இறந்தார். அவருக்கு முன்பு 2 செ.மீ.க்கு மேல் எடுத்தால் முனைகள் சேராது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கழுத்தைக் குனியவைத்து, குரல்வளையையும் நுரையீரல் வேர்ப்பகுதியையும் தளர்த்திவிட்டால் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதிக் குழாய் வரை எடுக்கலாம் என்று காட்டினார். மொத்த நீளமே 10 முதல் 12 செ.மீ.தான், அதனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்கு உண்டு. 3 செ.மீ. கட்டி என்றால் பெரும்பாலும் எடுக்க முடிகிற எல்லைக்குள்தான்.

ஸ்டேஜ் பற்றி மச்சானிடம் சொல்லுங்கள், டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நுரையீரல், மார்பகம் மாதிரி எல்லா ஊரிலும் ஒத்துக்கொண்ட ஸ்டேஜ் அட்டவணை மூச்சுக்குழாய்ப் புற்றுக்கு இல்லை. எடுக்க முடிகிற நீளமா, பக்கத்து உறுப்புகளைப் பிடித்திருக்கிறதா, நுரையீரலில் புள்ளிகள் உண்டா, இந்த மூன்றும்தான் கேள்வி. எடுக்க முடிகிறது என்றால் முதலில் ஆபரேஷன், பிறகு கரண்ட். வெறும் கரண்ட் என்பது எடுக்க முடியாதவர்களுக்கு. கரண்ட் வைத்து முடித்த குழாயை அப்புறம் வெட்டித் தைத்தால் ஆறுவது கஷ்டம், அதனால் வரிசை மாறக்கூடாது.

---

கண்ணாடித்துண்டு (பெருந்துறை)

நோய்க்குறியியல் லேபில் இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஸ்லைடு பற்றி ஒரு வார்த்தை.

இந்தக் கட்டி நுண்ணோக்கியில் மூன்று விதமாக வளரும். குழல்களாக, சல்லடைத் துளைகளாக, துளையே இல்லாமல் திட்டாக. அக்காவுக்கு எழுதியிருக்கிற கிரிப்ரிஃபார்ம் என்பது துளை ரகம், அதுதான் அதிகம் வருவது. திட்டுப் பகுதி கூடக் கூட நோயின் வேகம் கூடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திட்டாக இருந்தால் வீரியமான தரம் என்று வைப்போம். பயாப்ஸியில் வருவது அரிசி அளவுத் துணுக்கு, அதை வைத்து முழுத் தரமும் சொல்ல முடியாது, ஆபரேஷன் செய்து எடுத்த துண்டில்தான் தெரியும். நிறையக் கட்டிகளில் 6ஆம், 9ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டி எம்.ஒய்.பி. என்ற ஜீனைத் தூண்டிவிட்டிருக்கும், 2009இல் கண்டுபிடித்தார்கள். சந்தேகமான ஸ்லைடில் அந்தப் பரிசோதனை கைகொடுக்கும். பரம்பரையாக வருவது என்று இதற்கு அர்த்தமில்லை, பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம்.

இதே சுரப்பிகளில் மியூகோஎபிடெர்மாய்டு என்று இன்னொரு வகை வரும், கிளைக்குழாய்களில் அதிகம், சின்ன வயதுக்காரர்களுக்கும் வரும். தரம் குறைந்ததாக இருந்து முழுசாக எடுத்துவிட்டால் பலருக்கு அதோடு முடிந்துபோகும். அடினாய்டு சிஸ்டிக்கின் குணம் அப்படி இல்லை. கரையான் மாதிரி, மேலே பூச்சு நன்றாக இருக்கும், உட்தோலுக்கு அடியிலேயே நீளவாக்கில் போகும், நரம்புகளைச் சுற்றிக்கொண்டும் போகும். டியூப் விட்டுப் பார்க்கிறவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஓரமும் உண்மையான ஓரமும் ஒன்றாக இருக்காது. ஆபரேஷன் நடக்கும்போதே ஓரத்தை உறையவைத்துப் பார்த்துச் சொல்லும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேறு இடத்தில் காட்டப் போனால் ஸ்லைடு மட்டும் போதாது, சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கிற மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிப் போங்கள். அது உங்களுடையது, தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. வெயிலில் டூவீலர் பெட்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு.

---

மஞ்சமண்டி (ஈரோடு)

எதற்கு வெட்டி இழுத்துத் தைக்க வேண்டும், செயற்கை மூச்சுக்குழாய் வந்துவிட்டதே? ஸ்டெம் செல் வைத்து வளர்த்து மாற்றினார்கள் என்று வீடியோ பார்த்தேன்.

---

கண்ணாடித்துண்டு

அந்த வீடியோவின் மறுபாதியையும் பாருங்கள். பாவ்லோ மாக்கியாரினி என்ற சர்ஜன் 2011இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களை ஊறவைத்துப் பொருத்தினார். முதல் ஆள் இப்படிப்பட்ட மூச்சுக்குழாய்க் கட்டி திரும்பி வந்தவர்தான். உலகமே கைதட்டியது. ஸ்வீடனில் அவர் பொருத்திய மூன்று பேருமே அப்புறம் இறந்துபோனார்கள், ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2023இல் அந்த ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. சொந்தக் குழாயின் இரண்டு முனைகள் சேர்கிற வரைக்கும் அதைவிட நல்ல குழாய் இல்லை.

---

மஞ்சமண்டி

அட சாமி. சரிங்க, வீடியோவை நாலு பேருக்கு வேறு அனுப்பியிருக்கிறேன்.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. ஆழியாறு சார் சொன்னபடி ரிஜிட் ஸ்கோப் வசதி இருக்கிற இடத்தில் சேர்த்தோம். கட்டியின் உள்பக்கத்தைக் குடைந்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் சொன்னது, "இத்தனை நாளா எல்லாரும் இப்படித்தான் மூச்சு விடறீங்களா?" மச்சான் வெளியே போய்விட்டார்.

இப்போது அக்கா, இதுதான் சரியாகிவிட்டதே, ஆபரேஷன் எதற்கு, தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறாள்.

---

ஆழியாறு

குடைந்தது வழிக்காகத்தான், வேர் சுவரிலேயே இருக்கிறது. இப்படி நன்றாக மூச்சு விடுகிற நிலையில் ஆபரேஷனுக்குப் போவதுதான் மயக்க மருந்து டாக்டருக்கும் சர்ஜனுக்கும் வசதி. சில வாரங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், உடம்பு தேறட்டும், ஸ்டீராய்டை டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக நிறுத்துங்கள், அது இருந்தால் தையல் ஆறாது. தீபாவளி ஆர்டர் ஒவ்வொரு வருஷமும் வரும்.

---

வாய்க்கால்மேடு

அக்காவை என்னோடு பேசச் சொல் கண்ணு. தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன்.

---

கூடுதுறை (பவானி)

எங்கள் அம்மாவுக்கு இதே நோய், ஆனால் மேலண்ணத்தில். வலியே இல்லாத சின்னப் புடைப்பு, பல்செட் சரியாக உட்காரவில்லை என்று பல் டாக்டரிடம் போனதில் கண்டுபிடித்தது. அண்ணத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை மூட பல்செட்டோடு சேர்ந்த ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள், அதை மாட்டினால்தான் பேச்சு புரியும், காபி மூக்கு வழியாக வராது. அப்புறம் கரண்ட்.

ஐந்து வருஷம் தாண்டியதும் சொந்தபந்தம் எல்லாம் இனிமேல் கவலையில்லை என்று சொல்லிவிட்டது. டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, இந்த நோய்க்கு ஐந்து வருஷம் என்பது ஒரு கணக்கே இல்லை, வருஷாவருஷம் நெஞ்சு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார். பத்து வருஷம் தாண்டி நுரையீரலில் புள்ளிகள் வந்தன. நாங்கள் அன்றைக்கே கீமோ போடுங்கள் என்று நின்றோம். அவர் கீமோ போடவில்லை! அதற்கு அவ்வளவாக அடங்குகிற நோய் இல்லை இது, புள்ளிகள் எவ்வளவு வேகத்தில் வளர்கின்றன என்று முதலில் பார்ப்போம், அம்மாவுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாதபோது மருந்தால் ஏன் தொந்தரவு தர வேண்டும் என்று கேட்டார். அம்மா இப்போதும் ஜமக்காளத்துக்கு நூல் சுற்றித் தருகிறாள், வாய்க்கு ருசியாக இல்லை என்று மருமகளோடு சண்டை போடுகிறாள். ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டே இருக்கிறோம், புள்ளிகள் கொஞ்சம் பெரிதாகியிருக்கின்றன.

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஐந்து வருஷம் முடிந்தால் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள் என்பதற்காக.

---

ஆழியாறு

சரியாகச் சொன்னீர்கள். நிணநீர்க் கட்டிகளை விட நுரையீரலுக்குத்தான் இது அதிகம் போகும், 10, 15 வருஷம் கழித்தும் போகும். போன பிறகும் பலர் வருஷக்கணக்கில் சாதாரணமாக இருப்பார்கள். புள்ளிகள் வேகமெடுத்தால் லென்வாடினிப் மாதிரி மாத்திரைகள் உண்டு, கட்டி நன்றாகச் சுருங்குவது ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான், மற்ற பலருக்குக் கொஞ்ச காலம் வளராமல் நிற்கும். ரத்த அழுத்தம் ஏறும், களைப்பு வரும். அதனால்தான் உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை.

---

நொய்யல்கரை

ஆபரேஷன் முடிந்தது. 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே எடுத்தார்கள். முகவாய்த் தையல், தலையணை எல்லாம் வாய்க்கால்மேடு அக்கா சொன்னபடியே. வார்டில் அக்காதான் மற்றவர்களுக்குத் தலையணை வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டில் ஒரு சங்கடம். கீழ் ஓரத்தில் நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற அளவுக்கு நோய் இருக்கிறது, ஒரு நரம்பைச் சுற்றியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். திட்டுப் பகுதி இல்லை. மச்சான், காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று கத்துகிறார். மறுபடி திறக்க வேண்டுமா?

---

ஆழியாறு

வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் முடிவெடுப்பார்கள். இந்த நோயில் ஓரம் சுத்தமாக வராதது சகஜம், நல்ல கைகளிலும் அப்படித்தான் வருகிறது. சர்ஜன் இன்னும் ஒரு செ.மீ. எடுத்திருக்கலாம், ஆனால் தையல் இழுபட்டுப் பிரிந்தால் அது உயிருக்கே ஆபத்து, மீதமுள்ள நுண்ணிய நோயை விட அதுதான் பெரிய அபாயம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறார். மிச்சத்துக்குத்தான் கரண்ட். தையல் ஆறியதை ஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள், வாரம் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் ஓடும், மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கிற அலகு) சுமாருக்கு. புரோட்டான் என்கிற இன்னொரு வகைக் கரண்ட் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். சென்னையில் அப்பல்லோவில் 2019லிருந்து இருக்கிறது. தண்டுவடத்துக்கும் இதயத்துக்கும் போகிற கதிரைக் குறைக்கலாம், தேவையா இல்லையா என்று கதிரியக்க டாக்டர் உங்கள் படத்தில் திட்டம் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். கோவையில் இருக்கிற, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைக் கூட்டிக் குறைக்கிற ஐ.எம்.ஆர்.டி.யிலேயே பலருக்கு நன்றாகச் செய்ய முடிகிறது. வீடு நிலத்தை அடமானம் வைக்கிற முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

---

நொய்யல்கரை

மச்சானிடம் படித்துக் காட்டினேன். அமைதியாகிவிட்டார். இப்போது கவலை பணம்தான். அக்கா வேலைக்குப் போகாமல் மாதக்கணக்கில் ஆகிறது. இ.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டிருந்தார்கள், பல வருஷமாக. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. எதில் போவது?

---

குளத்தேரி (சிங்காநல்லூர்)

சங்கத்தில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும், சம்பளம் தராது. இ.எஸ்.ஐ.யில் இரண்டும் உண்டு, சிகிச்சையும் நடக்கும், விடுப்புப் பணமும் வரும். சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதனால் 91 நாள் தீர்ந்த பிறகும் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். இரண்டு வருஷம் தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், உங்கள் அக்காவுக்கு அது பிரச்சினை இல்லை. ஆபரேஷன் வெளியே நடந்திருந்தாலும் கரண்ட்டுக்கு இ.எஸ்.ஐ. பரிந்துரைக் கடிதம் வாங்கிப் பாருங்கள், ஒப்பந்தத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

கம்பெனியில் இந்த மாதங்களுக்கு 'வேலையை விட்டு நின்றுவிட்டார்' என்று எழுதிவிடாமல் 'நோய் விடுப்பு' என்று இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள், பல இடங்களில் கணக்குப்பிள்ளை யோசிக்காமல் பெயரை அடித்துவிடுவார். அப்புறம் டாக்டர் தருகிற சான்றிதழில் 'மூச்சுக்குழாய்க் கட்டி' என்று மட்டும் இருந்தால் திருப்பிவிட வாய்ப்பு அதிகம். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று முழுப் பெயரும், புற்றுநோய் என்றும், பயாப்ஸி எண்ணோடு எழுதி வாங்குங்கள். திங்கட்கிழமை காலையில் கிளை அலுவலகத்துக்குப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது, புதன் வியாழன் பாருங்கள். ஆதாரும் இ.எஸ்.ஐ. அட்டையும் அக்கா பெயரில் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தேவையென்றால் நானும் வருகிறேன்.

---

நொய்யல்கரை

அட்டையில் இனிஷியல் மாறியிருக்கிறதுங்க அண்ணா. புதன்கிழமை வந்து உங்களைப் பார்க்கிறேன்.